வெளிநாட்டுச் செய்தியாளர் சுயேச்சையாக நிற்கும்போது: டாட்டன், கோல்ட்ஸ்டீன் தேர்தல்கள் காட்டும் கணக்கு

1997 ஏப்ரல் 8. இங்கிலாந்தின் செஷைர் மாவட்டத்தில் நட்ஸ்ஃபர்ட் ஊரின் திறந்த வெளியில், டாட்டன் தொகுதியில் சுயேச்சையாக நிற்க வந்த மார்ட்டின் பெல் முதல் செய்தியாளர் சந்திப்பை நடத்திக்கொண்டிருந்தார். பிபிசிக்காக வியட்நாம் முதல் போஸ்னியா வரை 11 போர்களிலிருந்து செய்தி சொன்னவர். 1992இல் சரயேவோவில் கேமரா முன் பேசிக்கொண்டிருந்தபோதே குண்டுச் சிதறல் பாய்ந்து விழுந்தவர். எதிர் வேட்பாளரான, அன்றைய ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியின் எம்.பி. நீல் ஹாமில்டனும் அவர் மனைவி கிறிஸ்டினும் அங்கேயே வந்து நின்றார்கள். "என் கணவர் குற்றமற்றவர் என்று ஏற்கிறீர்களா?" என்ற பொருளில் கிறிஸ்டின் கேட்டதும் பெல் தடுமாறினார். குற்றம் நிரூபணமாகும்வரை அவர் நிரபராதிதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இந்தக் காட்சியைக் குறிப்பிடும் பலர், அனுபவமில்லாத வேட்பாளரின் தடுமாற்றம் என்று சொல்லிக் கடந்துபோகிறார்கள். தடுமாற்றத்துக்குக் காரணம் இருந்தது. ஹாரட்ஸ் அங்காடி உரிமையாளர் முகமது அல்ஃபயத்திடமிருந்து, நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பதற்காக ஹாமில்டன் பணம் பெற்றார் என்று 1994 அக்டோபரில் கார்டியன் நாளிதழ் எழுதியது. அவர் மறுத்தார், ஆனாலும் இணையமைச்சர் பதவி போயிற்று. நடத்தை நெறி ஆணையர் கார்டன் டவுனி விசாரித்தார். அவரது அறிக்கை வெளிவருவதற்கு முன்பே, 1997 மார்ச்சில் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டது. ஆகவே பிரச்சார நாட்களில் ஹாமில்டன் மீது அதிகாரபூர்வத் தீர்ப்பு எதுவும் இல்லை. பணம் வாங்கினார் என்பதற்கு வலுவான சான்று இருப்பதாக டவுனி சொன்ன அறிக்கை வந்தது ஜூலையில். தேர்தல் முடிந்து இரண்டு மாதம் கழித்து. ஊழலை எதிர்த்து நிற்க வந்தவர் எதிராளியை ஊழல்வாதி என்று அழைக்க முடியாத நிலை. 35 ஆண்டுகள் கேள்வி கேட்டுப் பழகியவருக்கு, பதில் சொல்லும் இடத்தில் நின்ற முதல் நாள் அது.

ஆனாலும் அவர் வென்றார், அதுவும் 11,077 வாக்கு வித்தியாசத்தில். எப்படி என்று கேட்டால் 'புகழ்', 'வெள்ளைக் கோட்டு சூட்டு', 'ஊழல் வெறுப்பு' என்பார்கள். மூன்றும் உண்மை. ஆனால் இவை மட்டுமே போதும் என்றால், அதே மனிதர், அதே வெள்ளைச் சூட்டோடு நான்கே ஆண்டில் தோற்றது ஏன் என்பது புரியாமல் போய்விடும்.

இரண்டு தொகுதிகள், இரண்டு எண்ணும் முறைகள்

பிரிட்டனில் அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி. பாதிக்கு மேல் வேண்டும் என்ற விதி கிடையாது. ஆளும் கட்சி எம்.பி.யை எதிர்த்து மூன்று பேர் நின்று வாக்கைப் பிரித்துக்கொண்டால், 38 விழுக்காடு வாங்கியவர்கூட நிம்மதியாக வெல்லலாம். டாட்டனில் இதைத் தடுத்தது லேபர், லிபரல் டெமாக்ரட் ஆகிய இரு கட்சிகளும் தங்கள் வேட்பாளர்களை விலக்கிக்கொண்டதுதான். முடிவு: பெல் 29,354, ஹாமில்டன் 18,277. மீதி எட்டு வேட்பாளர்களும் சேர்ந்து 3 விழுக்காடுகூடத் தொடவில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1992இல் இந்தத் தொகுதியில் கன்சர்வேட்டிவ் கட்சி பாதிக்கு மேல் வாக்கு வாங்கியிருந்தது. லேபர், லிபரல் டெமாக்ரட் வாக்குகள் அப்படியே கூடினாலும் அந்தக் கணக்கில் வெற்றி வராது. பெல் பெற்ற 60 விழுக்காட்டில், காலமெல்லாம் கன்சர்வேட்டிவுக்கே போட்டவர்களின் வாக்கும் கணிசமாக இருந்தாக வேண்டும். கட்சிகள் விலகியது களத்தைத் திறந்துவிட்டது. இவர்கள் மாறிவந்ததுதான் முடிவை மாற்றியது.

கட்சி சாராத செய்தியாளர் என்ற அடையாளம் உண்மையில் பயன்படுவது இந்த இடத்தில்தான். வாழ்நாள் கன்சர்வேட்டிவ் வாக்காளர் ஒருவருக்குத் தன் எம்.பி. மீது கோபம் இருக்கலாம். ஆனால் லேபருக்குப் போட அவர் கை வராது. "இவருக்குப் போட்டால் எதிர்க்கட்சிக்குப் போட்டதாகாது" என்ற நம்பிக்கை கிடைத்தால் மாறுவார். எந்தக் கட்சிக் கொடிக்குப் பக்கத்திலும் நின்றதில்லை என்பதுதான் செய்தியாளரின் சொத்து. முகம் தெரிவது அதற்கு அடுத்ததுதான்.

ஆஸ்திரேலியாவில் எதிர்ப்பு வாக்குகள் சிதறாமல் தடுக்கும் வேலையை வாக்குச்சீட்டே செய்துவிடுகிறது. ஜோயி டேனியல் அந்நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசிக்காக ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்காசியாவிலும் பணிபுரிந்தவர். டிரம்ப் வென்ற 2016 தேர்தலின்போது வாஷிங்டன் அலுவலகத் தலைவர். 2022 மே 21 தேர்தலில் மெல்போர்ன் கடற்கரையோரத் தொகுதியான கோல்ட்ஸ்டீனில் சுயேச்சையாக நின்றார். தொகுதியின் பெயருக்குரியவரான விடா கோல்ட்ஸ்டீன் 1903இலேயே செனட்டுக்குச் சுயேச்சையாக நின்ற பெண்ணுரிமைப் போராளி. ஐந்து முறை நின்றும் வென்றதில்லை. 1984இல் உருவான தொகுதியை அதுவரை லிபரல் கட்சி இழந்ததே இல்லை.

அங்கே கீழவைத் தேர்தலில் வாக்காளர் எல்லா வேட்பாளர்களுக்கும் 1, 2, 3 என்று வரிசை எண் போட வேண்டும். யாருக்கும் முதல் விருப்பத்தில் பாதிக்கு மேல் இல்லையென்றால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த எண்ணுக்குரியவரிடம் சேர்ப்பார்கள். இருவர் மட்டும் மிஞ்சும்வரை இது தொடரும். 2022இல் லிபரல் எம்.பி. டிம் வில்சனின் முதல் விருப்ப வாக்கு சுமார் 40.4 விழுக்காடு, டேனியலுடையது 34.5. லேபர் 11 விழுக்காடு. முதல் சுற்றோடு நின்றிருந்தால் வில்சன்தான் எம்.பி. ஆனால் மற்ற வேட்பாளர்களின் 25 விழுக்காட்டில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாக டேனியலிடம் வந்துசேர, இறுதி நிலை 52.9க்கு 47.1 ஆனது.

இதிலிருந்து இந்த முறையில் நிற்கும் சுயேச்சைக்கு மூன்று நிபந்தனைகள் தெரிகின்றன. முன்னணியில் இருப்பவரை முதல் விருப்பத்தில் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே நிறுத்த வேண்டும். தான் முப்பதைத் தாண்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, லேபரை முந்தி இரண்டாம் இடத்துக்கு வந்தாக வேண்டும். மூன்றாம் இடம் என்றால் சுயேச்சையின் சீட்டுகள்தான் பிறருக்குப் பங்கிடப்படும். 2019இல் வில்சன் முதல் விருப்பத்திலேயே பாதியைத் தாண்டியிருந்தார். அப்படி ஒரு தேர்தலில் விருப்ப வரிசைக்கு வேலையே வராது. அவரைக் கீழே இறக்கியவர்கள் லிபரல் வாக்காளர்கள். டாட்டனில் நடந்ததும் இதுவே.

வேட்புமனுவுக்கு முன்னால்

செய்தியாளராக இருந்து வருபவர் முதலில் வேலையை விட வேண்டும், அதுவும் போதிய இடைவெளியோடு. பொது ஒலிபரப்பு நிறுவனத்தில் இருந்தவர் என்றால், பழைய செய்திகளை எதிர்த்தரப்பு தோண்டி எடுத்து "அப்போதே சார்பாகத்தான் பேசினார்" என்று காட்டும். டேனியல் 2020இல் ஏபிசியை விட்டுவிட்டார். பெல் வேறு வகை. போரில் தாக்குபவரையும் தாக்கப்படுபவரையும் ஒரே தராசில் வைக்கும் செய்திப் பாணியைத் தான் கைவிட்டதாகத் தேர்தலுக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். ஆகவே அவர் அரசியலுக்கு வந்தது முந்தைய நிலைப்பாட்டின் தொடர்ச்சியாகவே தெரிந்தது.

ஆஸ்திரேலியாவில் குடியுரிமையையும் சரிபார்க்க வேண்டும். அரசியலமைப்பின் 44ஆம் பிரிவு, வேற்று நாட்டுக் குடியுரிமை உள்ளவரையும் அரசின் ஊதியப் பதவியில் இருப்பவரையும் தகுதியிழக்கச் செய்கிறது. 2017-18இல் இதனால் ஒருவர் பின் ஒருவராக உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். பெற்றோர், தாத்தா பாட்டி பிறந்த நாட்டின் சட்டம் தானாகவே குடியுரிமை தந்திருந்தால், அது தெரியாது என்பது வாதமாகாது. துறப்புக் கடிதம் கைக்கு வர மாதங்கள் ஆகும். மனு செய்யும் நாளில் அந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

மனுவுக்கு, அங்கே கட்சி வேட்பாளரைக் கட்சி முன்மொழிந்தால் போதும். புதிய சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர்கள் 100 பேரின் கையெழுத்து தேவை. முகவரி மாறியவர், பக்கத்துத் தொகுதிக்காரர் என்று சில பெயர்கள் கண்டிப்பாகத் தள்ளுபடியாகும். அதனால் 150 வாங்கி வைப்பதே பாதுகாப்பு. கட்டுத்தொகை 2,000 டாலர். முதல் விருப்பத்தில் 4 விழுக்காடு எடுத்தால் திரும்பக் கிடைக்கும். பிரிட்டனில் 10 கையெழுத்து, 500 பவுண்ட், 5 விழுக்காடு.

வாக்குச்சீட்டில் பெயருக்குக் கீழே என்ன இருக்கும் என்பதும் சின்ன விஷயமல்ல. பெல் 'ஊழல் எதிர்ப்பு' என்ற சொல்லையும் சேர்க்க நினைத்து, சட்டத் தகராறு கிளம்பியதும் வெறும் 'சுயேச்சை' என்றே நின்றார். இன்றைய பிரிட்டிஷ் சட்டத்தில் அந்தத் தகராறுக்கே இடமில்லை: பதிவான கட்சி இல்லாதவர் 'சுயேச்சை' என்று போடலாம், அல்லது காலியாக விடலாம். சின்னமும் கிடையாது. அன்றைய வழக்கறிஞர் செலவில் 9,400 பவுண்டை விலகிக்கொண்ட இரு கட்சிகளும் கொடுத்திருந்தது பின்னால் வெளியே வந்தது. பெல் அதைத் தன் பொறுப்பில் அடைத்தார். தொகை பெரிதல்ல. ஆனால் யாருக்கும் கடன்படாதவர் என்பதையே முன்வைத்து வென்றவருக்கு, எந்த விலைச்சீட்டை யார் கட்டினார்கள் என்று முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும். கணக்கறிந்த தேர்தல் முகவர் ஒருவரைப் பிரச்சாரம் தொடங்குமுன் அமர்த்துவது அதற்காகத்தான்.

சட்ட உதவி வேட்பாளருக்குக் கடைசியில் தேவைப்படும் பொருள் என்று நினைப்பவர்கள் கோல்ட்ஸ்டீனைப் பார்க்கலாம். ஆதரவாளர்களின் வீட்டு வேலிகளில் டேனியலின் பலகைகள் சீக்கிரமே முளைத்தன. தேர்தல் தேதி அறிவிக்கும் முன் வைக்கக்கூடாது என்று உள்ளாட்சி மன்றம் தடுத்தது. விக்டோரியா உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அந்தப் பலகைகள் நின்றன.

பணமும் ஆட்களும்

பிரிட்டனில் செலவு உச்சவரம்பு கடுமையானது. 2024 பொதுத்தேர்தலில், ஊர்ப்புறத் தொகுதிக்கு 11,390 பவுண்டும் வாக்காளர் ஒருவருக்கு 12 பென்னியும். 75,000 வாக்காளர்கள் என்றால் மொத்தம் 20,390 பவுண்ட். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பிரச்சாரத் தாளை வாக்காளர்களுக்கு இலவசமாக அஞ்சலில் அனுப்பும் உரிமையும் உண்டு. அச்சிடுவது மட்டும் தன் செலவு. கட்சி இயந்திரம் இல்லாதவருக்கு இந்த இரண்டும் பெரிய துணை. வெளியாள் அதிகம் இடறுவது வேறிடத்தில்: முடிவு அறிவித்த 35 நாளுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், 50 பவுண்டுக்கு மேற்பட்ட நன்கொடை யாரிடமிருந்து வந்தது, அவர் கொடுக்கத் தகுதியானவரா என்று சரிபார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 2022இலும் 2025இலும் செலவுக்கு உச்சவரம்பே இல்லை. டேனியலின் முதல் பிரச்சாரத்துக்கு வந்த பணம் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. அதில் கணிசமான பகுதி, சைமன் ஹோம்ஸ் அ கோர்ட் தொடங்கிய 'கிளைமேட் 200' நிதியமைப்பு வழியாக வந்தது. இதே அமைப்பு பல தொகுதிகளில் உதவியதால், நீலப்பச்சை நிறத்தைப் பயன்படுத்திய இந்தச் சுயேச்சைகளைச் சேர்த்து 'டீல்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். அதோடு, இது மறைமுகக் கட்சி என்ற குற்றச்சாட்டும் பிறந்தது. ஒரே கையிலிருந்து பணம் வாங்குவது கட்சியாவதற்குச் சமம் அல்ல. நாடாளுமன்ற வாக்கைக் கட்டுப்படுத்தும் கொறடா அங்கே இல்லை. ஆனால் கட்சி சாராமையே சொத்து என்று சொன்னோம் அல்லவா, அந்தச் சொத்தை இந்தக் குற்றச்சாட்டு நேராகவே அரிக்கிறது. அதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

2025 பிப்ரவரியில் நிறைவேறிய திருத்தச் சட்டம் தொகுதிக்கு 8 லட்சம் டாலர் என்று வரம்பு வைக்கிறது. பார்க்கச் சமநீதி போலத் தோன்றும். கட்சிகளுக்கோ நாடு முழுவதற்கும் தனியாக 9 கோடி டாலர் வரம்பு. வேட்பாளர் பெயரோ தொகுதிப் பெயரோ இல்லாமல் கட்சிச் சின்னத்தை மட்டும் காட்டும் விளம்பரம் அந்தப் பெரிய கணக்கில்தான் ஏறும். சுயேச்சைக்கு அப்படி இரண்டாவது பை இல்லை. இதைச் சுயேச்சைகள் கடுமையாக எதிர்த்தார்கள், நியாயமாகவே.

ஆட்கள் விஷயத்தில் செய்தியாளர் செய்யும் தவறு, தொலைக்காட்சிதான் பிரச்சாரம் என்று நம்புவது. ஆஸ்திரேலியாவில் முன்கூட்டிய வாக்குப்பதிவு மையங்கள் 12 நாள் வரை திறந்திருக்கும். ஒவ்வொன்றின் வாசலிலும் காலை முதல் மாலை வரை வரிசை எண் காட்டும் அட்டையோடு ஆள் நிற்க வேண்டும். எண்ணும் மேசைகளுக்கு எழுத்துபூர்வமாக நியமித்த முகவர்கள் வேண்டும். அவர்கள் சீட்டைத் தொடக்கூடாது, சந்தேகமானதை எதிர்க்கலாம். இதெல்லாம் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களின் வேலை.

உள்ளே போன பிறகு

பிரிட்டிஷ் கட்சி எம்.பி.க்கு ஒவ்வொரு வாரமும் கொறடாவிடமிருந்து ஒரு தாள் வரும். எந்த நாள் என்ன வாக்கெடுப்பு, எதற்குக் கட்டாயம் வர வேண்டும் என்பதை அடிக்கோடுகளின் எண்ணிக்கையே சொல்லிவிடும். சுயேச்சைக்கு அந்தத் தாள் கிடையாது. மணி அடித்தால் எட்டு நிமிடத்தில் கதவு சாத்தப்படும். அதற்குள் எந்தத் திருத்தம், எந்தப் பக்கம் என்று தானே முடிவெடுத்திருக்க வேண்டும். செய்தியாளர் ஒரு விவாதத்தின் இரு பக்கத்தையும் சொல்லி முடித்துக்கொள்ளலாம். உறுப்பினர் ஏதோ ஒரு கதவு வழியாக நடந்தாக வேண்டும். மீன்பிடிச் சட்டமோ ஓய்வூதியமோ, வாரத்துக்குப் பல தடவை.

ஆகவே உதவியாளர் எண்ணிக்கைதான் சுயேச்சையின் திறனைத் தீர்மானிக்கிறது. 2022 ஜூனில் புதிய பிரதமர் ஆல்பனீசி, சுயேச்சைகளுக்கும் சிறு கட்சிகளுக்கும் இருந்த கூடுதல் ஆலோசகர் பணியிடங்களை நான்கிலிருந்து ஒன்றாகக் குறைத்தது அவர்களை உலுக்கியதற்குக் காரணம் இதுவே. கேள்வி நேரத்தில் மட்டும் அவர்களுக்குக் கூடுதல் இடம் கிடைத்தது. டேனியல் அதைப் பயன்படுத்திக்கொண்டார். சமூக ஊடக நிறுவனங்கள் பயனர்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று தனிநபர் மசோதாவும் கொண்டுவந்தார். பெல் நடத்தை நெறிக் குழுவில் உட்கார்ந்தார். எந்தப் பிரச்சினைக்காக அனுப்பப்பட்டாரோ அதே வேலை.

ஒவ்வொரு வாக்கும் பதிவாகிறது. அரசுத் தரப்போடு எத்தனை தடவை, பசுமைக் கட்சியோடு எத்தனை தடவை என்று எதிர்த்தரப்பு எண்ணி அச்சடிக்கும். முதல் தேர்தலில் வெற்றுத் தாளாக இருந்தவருக்கு இரண்டாம் தேர்தலில் நீண்ட பதிவு இருக்கும்.

இரண்டாம் முறை

டாட்டனில் ஒரே பதவிக்காலம்தான் என்று பெல் வாக்குக் கொடுத்திருந்தார், காப்பாற்றினார். 2001இல் டாட்டன் கன்சர்வேட்டிவுக்கே திரும்பி, ஜார்ஜ் ஆஸ்போர்னை அனுப்பியது. பெல் எசெக்ஸ் மாவட்டத்தின் பிரெண்ட்வுட்-ஆங்கர் தொகுதிக்குப் போய் எரிக் பிக்கிள்ஸை எதிர்த்து நின்றார். இம்முறை லேபரும் லிபரல் டெமாக்ரட்டும் விலகவில்லை. 2,821 வாக்கில் தோல்வி. அந்த இரு கட்சிகளும் வாங்கியது அதைப்போலப் பல மடங்கு.

அதே தேர்தலில் வயர் ஃபாரஸ்ட் தொகுதியில் ரிச்சர்ட் டெய்லர் என்ற ஓய்வுபெற்ற மருத்துவர் 17,630 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். கிட்டர்மின்ஸ்டர் மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவு மூடப்பட்டதுதான் பிரச்சினை. தொலைக்காட்சி முகம் இல்லை. ஆனால் உள்ளாட்சியில் ஏற்கெனவே இடங்கள் வென்ற அமைப்பு பின்னால் இருந்தது; லிபரல் டெமாக்ரட்டுகள் ஒதுங்கினார்கள். 2005இலும் அப்படியே, மறுபடி வெற்றி. 2010இல் அவர்கள் வேட்பாளரை நிறுத்தினார்கள், டெய்லர் தோற்றார்.

ஆஸ்திரேலியாவின் இண்டி தொகுதி இன்னொரு பாடம். 2013இல் கேத்தி மெக்கவன் 439 வாக்கில் வென்றார். வேட்பாளரைத் தேடும் முன்பே, வீட்டுச் சமையலறை மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து தொகுதி மக்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டுத் தொகுத்த குழு ஒன்று இருந்தது. அவர் விலகியபோது 2019இல் ஹெலன் ஹெய்ன்ஸ் அதே இடத்தில் வென்றார். ஒரு சுயேச்சைக்குப் பின் இன்னொரு சுயேச்சை என்பது அந்நாட்டுக் கூட்டாட்சித் தேர்தலில் அதற்குமுன் நடந்ததில்லை. புகழ்பெற்ற செய்தியாளரை முன்னிறுத்தும் குழுக்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகின்றன: முதலில் முகம், பிறகு அமைப்பு.

கோல்ட்ஸ்டீனில் இரண்டாம் தேர்தல் 2025 மே 3 அன்று நடந்தது. அன்றிரவு டேனியல் வென்றதாக அவருடைய பழைய நிறுவனமான ஏபிசியே கணித்துச் சொன்னது. சாவடி வாக்குகள் அப்படித்தான் இருந்தன. ஆனால் அங்கே தபால் வாக்கு தேர்தல் நாளுக்குப் பிறகு 13 நாள் வரை வந்து சேரலாம். தபால் வாக்குக்கான விண்ணப்பத்தைப் பெரிய கட்சிகள் தங்கள் பிரச்சார அஞ்சலோடு வீடு வீடாக அனுப்புகின்றன. அதைப் பயன்படுத்துபவர்களில் வயதானவர்கள் அதிகம். கையெழுத்து சரிபார்க்கப்பட்டு, உறைகள் பிரிக்கப்பட்டு, கட்டுக் கட்டாக எண்ணப்பட்டபோது தபால் வாக்குகள் வில்சன் பக்கம் சாய்ந்தன. முதல் எண்ணிக்கையின் முடிவில் அவர் 260 முன்னிலை. 100க்குக் குறைந்தால்தான் மறு எண்ணிக்கை தானாக நடக்கும். அதனால் டேனியல் கேட்டு விண்ணப்பித்தார். முழுமையாக எண்ண ஆணையம் ஒப்பவில்லை. இருவருடைய முதல் விருப்பச் சீட்டுகளை மட்டும் மறுபடி எண்ணியது. வித்தியாசம் 175ஆகச் சுருங்கியது. தொகுதி வில்சனுக்குப் போயிற்று.